சிரங்கு காஞ்சு மூணு வாரம், மூத்திரம் சாயத்தண்ணி நிறம்

எங்க அக்கா மகனுக்கு எட்டு வயசு. ஒரு நாள் காலையில எழும்புறப்பவே மூஞ்சி ஊதி கண்ணு ரெண்டும் இடுங்கி கெடந்துச்சு, ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு விட்டுட்டோம். மத்தியானம் அவனே வந்து "அம்மா, ஒண்ணுக்கு சாயத்தண்ணி மாதிரி போகுது"ன்னான், அதாவது பால் ஊத்தாத தேத்தண்ணி நிறம். எங்க தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல, பக்கத்து காம்பராவுல இருந்தவங்க ஒடம்பு சூடு, எளநீர் வாங்கி குடுங்கன்னாங்க. நல்ல வேளையா அக்கா டிஸ்பென்சரிக்கு தூக்கிட்டு ஓடினா, அங்கருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அங்க கேட்ட மொத கேள்வியே "பிள்ளைக்கு கிட்டடியில சொறி சிரங்கு வந்துச்சா?"ங்கிறதுதான். மூத்திரத்துக்கும் சிரங்குக்கும் என்னா சம்பந்தம்னு அக்கா முழிச்சிட்டு நின்னிருக்கா.

சொறி உண்டாக்குறது ஒரு குட்டிப் பூச்சி, அரை மில்லிமீட்டர் கூட வராது, பொட்டைப் பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டை போடும். தோலோட தோல் ஒட்டி கெடந்தா மத்தவங்களுக்கு ஏறிக்கும். பத்துக்கு பன்னெண்டு அடி லயத்துக் காம்பரா, மார்கழிக் குளிர், ஒரே கம்பளிக்குள்ள மூணு பிள்ளைங்க, இதைவிட அதுக்கு வேற என்னா வேணும்? இது அழுக்கால வர்றதில்ல, நெருக்கத்தால வர்றது, அதனால வெக்கப்பட்டு மறைக்கிறதுல அர்த்தமே இல்ல. உலக சுகாதார நிறுவனமே 2017ல இதை கவனிக்காம விட்ட நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு.

சொறிஞ்சு சொறிஞ்சு தோல் கிழியும், அந்தப் புண்ணுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா குடியேறும், அதான் சிரங்கு. நம்ம ரத்தத்துல பாக்டீரியாவை அழிக்கிற சில புரதங்கள் இருக்கு, சொறிப் பூச்சி விடுற சில பொருளுங்க அந்தப் புரதங்களை வேலை செய்ய விடாம தடுக்குதுன்னு ஆய்வுகூடத்துல பார்த்திருக்காங்க. பூச்சி தனக்காகப் பண்ற வேலை, லாபம் பாக்டீரியாவுக்கும் போகுது.

சிரங்கு சீழ் வச்சு, பொருக்கு கட்டி, காஞ்சும் போயிரும், நாமளும் மறந்துருவோம். ஆனா ஒடம்பு அந்த பாக்டீரியாவுக்கு எதிரா செஞ்ச எதிர்ப்புப் பொருளும் பாக்டீரியாவோட துண்டுகளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சிறுநீரகத்துல ரத்தத்தை வடிகட்டுற வடியில போய் படியும். தொண்டை நோவுல வந்த கிருமின்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல, தோல் புண்ணுன்னா மூணுலருந்து ஆறு வாரத்துல. இந்த இடைவெளியை வச்சுத்தான், கிருமி நேரா போய் சிறுநீரகத்தைத் தாக்கல, ஒடம்போட எதிர்ப்புதான் இதைச் செய்யுதுன்னு வியன்னாவுல இருந்த பிள்ளைகள் டாக்டர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே யோசிச்சார். அலர்ஜிங்கிற சொல்லை 1906ல உண்டாக்கினவரும் அவர்தான்.

வடின்னா ஒண்ணு ரெண்டு இல்ல, ஒவ்வொரு சிறுநீரகத்துலயும் கிட்டத்தட்ட 10 லட்சம். பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் தண்ணி அதுவழியா வடிஞ்சு, ஒண்ணரை லிட்டர் அளவு மட்டும் மூத்திரமா வெளியாகும், மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போயிரும். படிஞ்ச கட்டியைப் பார்த்து வெள்ளை அணுக்கள் சண்டைக்கு வர, வடி வீங்கி அடைச்சுக்கும், அங்கங்க கிழியவும் கிழியும். சாதாரண தேத்தண்ணி வடி அடைச்சா எதுவும் எறங்காது, இது அடைச்சும் கெடக்கும், ஒழுகவும் ஒழுகும். ஒழுகுறது ரத்தச் சிவப்பணு, மூத்திரத்துல இருக்கிற அமிலம் பட்டு அந்தச் சிவப்பு மண்ணிறமாகும், அதான் சாயத்தண்ணி. அடைச்ச பக்கத்துல உப்பும் தண்ணியும் வெளிய போக வழியில்லாம மூஞ்சியில வீக்கமும் பிரஷரும் ஏறும். பிள்ளைக்கு ஏது பிரஷர்னு கேக்காதீங்க, ரொம்ப ஏறினா தலைவலி, வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும், அப்போ 1990 ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறதைத் தவிர வேற யோசனையே வேணாம்.

இப்ப எளநீர் கதைக்கு வாங்க. வெளியேத்த முடியாத சிறுநீரகத்துக்கு மேல மேல தண்ணி ஊத்துறதே தப்பு, எளநீர்ல பொட்டாசியம் வேற நெறைய, அதுவும் ரத்தத்துல தேங்கினா இதயத்துக்கு ஆபத்து. அவனுக்கு ஆஸ்பத்திரியில தண்ணியை அளந்து குடுத்தாங்க, உப்பைக் குறைச்சாங்க, கருவாடு கட்டசம்பல் ரெண்டும் கட். பெனிசிலின் குடுத்தது மிச்சக் கிருமிக்கு, வடியைத் தேத்த தனி மருந்துன்னு ஒண்ணும் இல்ல, அது தானாத்தான் ஆறணும். பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் முழுசா ஆறிரும், ஆனா கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மாசக்கணக்கா போகலாம், அதனால கிளினிக்கை விடக்கூடாது.

கிட்னின்னதும் நம்மாளுங்க அநுராதபுரம் பக்கத்து நோயைத்தான் நினைப்பாங்க. அது வேற, பெரும்பாலும் வயல் வேலை செய்ற பெரியவங்களுக்கு மெல்ல மெல்ல வர்றது, நம்ம பதுளை மாவட்டத்துலயும் கீழ கிராந்துருகோட்டைப் பக்கம் இருக்கு. மூத்திரம் நிறம் மாறாம நுரை நுரையா போய் மூஞ்சி ஊதினா அதுவும் வேற நோய், வடியில புரதம் ஒழுகுறது, அதுக்கு ஸ்டீராய்டு குடுப்பாங்க. சாயத்தண்ணி நிறத்துக்கும் நுரைக்கும் மொத டெஸ்ட் ஒண்ணுதான், மூத்திரத்துல ஒரு பட்டியை முக்கிப் பார்க்கிறது.

வீட்டுக்கு வந்தப்புறம் பெரிய சண்டை மருந்து பூசுறதுலதான். வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலருந்து கால் வரைக்கும் பூசணும், ஒருத்தர் விட்டாலும் பூச்சி திரும்ப சுத்தி வரும். அம்மாயி மட்டும் "எனக்குத்தான் அரிக்கலையே"ன்னு ஒரே பிடிவாதம். மொத தடவை பூச்சி ஏறினா அரிப்பு தெரியவே நாலுலருந்து ஆறு வாரம் ஆகும், அது வரைக்கும் அரிக்காமயே பேரனுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கலாம்னு நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "சரி, அந்த போத்தலை எடு"ன்னாங்க.