எச்சரிக்கை வந்துச்சு, சர்ச் வாசலுக்கு மட்டும் வரல

2019 ஏப்ரல் 4ஆம் தேதி இந்தியாவுல இருந்து இலங்கை அரச புலனாய்வு சேவைக்கு ஒரு தகவல் போச்சு. சஹ்ரான் ஹாஷிம்ங்கிற தீவிரவாத குழு தலைவனும் அவனோட ஆட்களும் தற்கொலைத் தாக்குதலுக்கு ரெடியாகுறாங்க, சர்ச்சுகளும் கொழும்புல உள்ள இந்திய தூதரகமும் குறியில இருக்குன்னு. பதினேழாவது நாள், ஈஸ்டர் ஞாயிறு காலைல, மூணு சர்ச்லயும் மூணு பெரிய ஹோட்டல்லயும் குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல போயிட்டாங்க.

இதை எப்படி கோட்டை விட்டாங்கன்னு புரியணும்னா உளவு வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும். தகவல் சேகரிக்கணும், அது நிஜமான்னு அலசணும், சரியான ஆள் கைல சேர்க்கணும், அவர் அதை வச்சு ஏதாவது செய்யணும். பொதுவா ரொம்ப கஷ்டம் ரெண்டாவதுதான், ஏன்னா கணக்கு நமக்கு எதிரா நிக்குது. 2 கோடி பேர் உள்ள நாட்டுல 100 பேர் ஆபத்தானவங்கன்னு வைங்க, 99 சதவீதம் சரியா சொல்ற ஒரு கருவி இருந்தாலும் அந்த 100ல 99 பேரை பிடிச்சிடும், கூடவே ஒரு பாவமும் அறியாத 2 லட்சம் பேரையும் சேர்த்து காட்டும், அந்த 2 லட்சம் வீட்டு கதவையும் யாரு போய் தட்டுறது? எல்லாரையும் கண்காணிச்சா போதும்னு சொல்றவங்க இந்த கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கணும்.

இலங்கைல அந்த கஷ்டமே இல்லைங்க. ஆள் பேர் தெரியும், குறி தெரியும். ஜனவரியிலயே புத்தளம் பக்கம் வணாத்தவில்லுல ஒரு தென்னந்தோப்புல வெடிமருந்து சிக்கிருச்சு. ஏப்ரல் 16 காத்தான்குடி பக்கம் பாலமுனைல ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்க வச்சு ஒத்திகையே பாத்துட்டாங்க. அறுந்தது மூணாவது கண்ணி, அதாவது தகவலை சரியான ஆள் கைல சேர்க்குறது. அதுக்கு முந்தின அக்டோபர்ல இருந்து ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் முட்டல், தேசிய பாதுகாப்பு சபை கூட்டத்துக்கு பிரதமரை கூப்பிடுறதே இல்ல. கீழயோ ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸுக்கு லெட்டர் அனுப்பிட்டு நம்ம வேலை முடிஞ்சுதுன்னு இருந்துச்சு. ஒவ்வொரு மேஜை தாண்டும்போதும் "இப்ப என்ன செய்யணும்"ங்கிற அவசரம் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போய், கடைசில மிஞ்சுனது ஒரு கவர் நம்பர்தான்.

அமெரிக்காவுல 2001 செப்டம்பர் 11 தாக்குதல்ல நடந்ததும் இதே மாதிரிதான். விமானம் கடத்துன ரெண்டு பேர் 2000 ஜனவரியிலயே உள்ள வந்துட்டாங்க, சிஐஏவுக்கு அவங்க மேல சந்தேகம் இருந்தும் கண்காணிப்பு பட்டியல்ல பேர் ஏறுனது 2001 ஆகஸ்ட் கடைசில. அதனாலதான் அப்புறம் எல்லா ஏஜென்சி ஆளுங்களும் ஒரே கூரைக்கு கீழ உக்காந்து தகவலை பகிர்ற மாதிரி மையங்கள் வந்துச்சு, இந்தியாவுல 26/11 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் அந்த மாதிரி மையத்தை 24 மணி நேரமும் ஓட விட்டாங்க.

என்னால ஜீரணிக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு. ஏப்ரல் 11 தேதி போட்ட ஒரு போலீஸ் லெட்டர், அந்த எச்சரிக்கையை அப்படியே எடுத்து எழுதுனது, மந்திரிகள், நீதிபதிகள், தூதரகங்களுக்கு பாதுகாப்பு குடுக்குற பிரிவுகளுக்கு போயிருக்கு. லெட்டர்லயே சர்ச்னு இருக்கு, ஆனா சர்ச்சுக்கு யாரும் சொல்லல. மட்டக்களப்பு சீயோன் சர்ச்ல ஞாயிறு பள்ளி முடிஞ்சு பிள்ளைங்க வெளிய முற்றத்துல நின்னுட்டு இருந்த நேரத்துலதான் குண்டு வெடிச்சுது. முந்தின நாள் ராத்திரி அங்க இருந்த போதகருக்கு ஒரே ஒரு போன் போயிருந்தா, காலைல கேட்டை சாத்தியிருப்பாங்க.