ஒடியலைக் கழுவுகிறோம், புழுக்கொடியலைக் கழுவுவதில்லை: ஏன்?

பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கழுவுவது பற்றிய கேள்வி இவற்றை இடித்த மாவைப் பற்றியது. மூதூர், சம்பூர், நிலாவெளி, குச்சவெளி என்று திருகோணமலையின் மணற்கரைகளில் பனை நிற்கும் இடமெல்லாம் கிழங்குப் பாத்தியும் இருக்கும். நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் வேரில் விளைவதல்ல. பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து மேலே வராது. கொட்டையின் கண்ணிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கும். வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் எட்டாத ஆழத்தில் குருத்தைப் பதுக்கிவைப்பது பனையின் உத்தி. அங்கே முதல் இலையின் உறை மாச்சத்தை நிரப்பிப் பருக்கிறது, அதுதான் கிழங்கு. கொட்டைக்குள் பஞ்சு போல இருக்கும் பூரான் என்ற வெள்ளைச் சதைக்கும் இதில் பங்குண்டு. கல்லாய் இறுகிய பருப்பைக் கரைத்துக் கீழே அனுப்புவது அதுதான்.

இதனால்தான் பாத்தி பொலபொலவென்று இருக்கவேண்டும். மணலை இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் கூட்டி, கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிய மண் மூடினால் போதும். அடிமண் இறுகியிருந்தால் கிழங்கு குட்டையாகும், வளையும். மாரி தொடங்கும் ஐப்பசிக்கு முன் பாத்தி போட்டால் தை, மாசியில் கிண்டலாம். பிந்தினால் குருத்து மேலே வந்து இலை விரிக்கும். அதற்கான செலவு கிழங்கின் மாச்சத்திலிருந்துதான் போகும், மிஞ்சுவது தும்பு.

கிண்டிய கிழங்குக்கு இரண்டு வழி. பச்சையாகத் தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, நடுவில் உள்ள பீலியை எடுத்துவிட்டுக் காயவைத்தால் ஒடியல். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அவித்த பிறகு அதே மாதிரிப் பிளந்து காயவைத்தால் புழுக்கொடியல். பிளக்காமல் காயவைத்தால் வெளிப்புறம் இறுகி, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாவிக்கவேண்டாம். சில பூஞ்சணங்களின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது. ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயில் வேண்டும். முறித்தால் 'டக்' என்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது.

பனையில் சவர்க்காரம் போல நுரைக்கும் சப்போனின் வகைப் பொருட்கள் உண்டு. பனம்பழக் களியால் அந்தக் காலத்தில் துணி தோய்த்தது இவற்றை நம்பித்தான். பழத்தின் காறலும் ஒடியல் மாவின் கசப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைத் தவிர, வேகாத ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் நஞ்சுத்தன்மை தெரிந்தது. ஈரத்தோடு சூடாக்கியபோது அது குறைந்தது. ஆகவே வேலை இரண்டு: கசப்பைக் கழுவவேண்டும், மாவை நன்றாக வேகவைக்கவேண்டும்.

கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். வேகாத மாச்சத்து மணிகள் குளிர்ந்த நீரில் கரையாது, அடியில் படியும். கசப்பு நீரோடு போகும். 250 கிராம் மாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டு, மேல்நீரைச் சாய்த்து ஊற்றுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். அவசரத்தில் சுடுதண்ணீர் ஊற்றினால் மணிகள் வீங்கிப் பசையாகி, கசப்பைத் தமக்குள்ளேயே பூட்டிவிடும். பிறகு எத்தனை முறை கழுவியும் பயனில்லை.

புழுக்கொடியலில் அந்த வீக்கம் அவிக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது. காயும்போது மாச்சத்து இறுகுவதால்தான் அது கொம்பு போலப் பழுப்பாகி, பல்லைச் சோதிக்கிறது. அதன் மாவைத் தண்ணீரில் போட்டால் படியாது, ஊறிக் களியாகும். கழுவ வழியே இல்லை. கழுவத் தேவையும் இல்லை: சூடு தன் வேலையை முடித்திருக்கும், கசப்பில் ஒரு பங்கு அவித்த நீரோடு போயிருக்கும். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அப்படியே சாப்பிடலாம்.

ஒடியல் மாவின் இடம் கூழ்தான். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்த பிறகு, கழுவிய மாவைப் புளிக்கரைசலில் கரைத்து ஊற்றவேண்டும். உலர்ந்த மாவைக் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் வெந்து, நடுவில் பச்சை மா தங்கும். தடித்ததும் இறக்குவது பலர் செய்யும் பிழை. தடிப்பது வேகத் தொடங்கியதற்கு அடையாளமே தவிர, வெந்ததற்கு அல்ல. இன்னும் கால் மணி நேரமாவது துழாவிக்கொண்டே கொதிக்கவிடுங்கள்.

மருந்துக் குணம் பற்றிச் சொல்லப்படுவதில் உறுதியானது நார்ச்சத்து, மலச்சிக்கலுக்கு உதவும். நீரிழிவு மாறும் என்று சொல்லி விற்றால் நம்பவேண்டாம், இது மாச்சத்து நிறைந்த உணவு. 'வாய்வு' என்று மிளகும் உள்ளியும் சேர்ப்பது வாய்க்கும் நல்லதுதான்.

கிழங்கு எடுத்த பின் மிஞ்சும் வெறுங்கொட்டையை ஊமல் என்போம். அதை எரித்துக் கிடைக்கும் கரி நின்று கனலும். கூழ் அடுப்புக்கு அதுவே போதும்.