நோட்கெல்ட்: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நோட்கெல்ட் என்ற ஜெர்மன் சொல் நம் காதில் 'நோட்டு' என்றுதான் விழும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனில் நோட் என்றால் இல்லாமை, இக்கட்டு. ஆபத்து வேளையில் வெளியேறும் வாசலுக்கு 'நோட்அவுஸ்காங்' என்பார்களே, அதே நோட். கெல்ட் என்றால் பணம். அதன் உறவு வினை கெல்டன், அதாவது செல்லுபடியாவது. 'இந்தக் காசு செல்லாது' என்கிறோமே, அந்தச் 'செல்'.

1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மனியில் மக்கள் காசுகளைப் பதுக்கினார்கள். அப்புறம் செம்பும் நிக்கலும் போருக்குப் போயின. சில்லறைக்குத் திண்டாட்டம். நகராட்சிகளும் சேமிப்பு வங்கிகளும் ஆலைகளும் தாங்களே சிறு சீட்டுகளை அச்சிட்டன. அவைதான் நோட்கெல்ட். அந்தந்த ஊரில் மட்டும், அதுவும் பெரும்பாலும் குறித்த தேதி வரைதான் செல்லும்.

சேகரிப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதும் கதை மாறியது. ஆல்பத்துக்குள் போன சீட்டு பணம் கேட்டுத் திரும்பி வராது, நகராட்சிக்கு லாபம். 1920 முதல் 1922 வரை படச்சீட்டுகள் குவிந்தன. ஹாமெல்ன் நகரம், தன் ஊர்ப் பழங்கதையில் குழலூதி எலிகளை இழுத்துப்போனவனைச் சீட்டில் படமாகப் போட்டது. நெசவுக்குப் பேர்போன பீலெஃபெல்ட் பட்டுத்துணியிலேயே அச்சிட்டது. ஃபெனிக் என்பது அந்நாள் ஜெர்மன் சில்லறை. 75 ஃபெனிக் காசு என்று ஒன்று இருந்ததில்லை, சீட்டிலோ அது சர்வசாதாரணம். யாருக்காக அடித்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது! இந்தப் படச்சீட்டுகளுக்கு ஜெர்மனில் ஸேரியன்ஷைன் என்று தனிப்பெயர்.

1922 ஜூலையில் அரசு தடை போட்டது. மறு ஆண்டே பணவீக்கம் தலைக்கு மேல் போக, லட்சங்களிலும் கோடிகளிலும் நோட்கெல்ட் மறுபடி வந்தது. இந்த முறை நிஜமான இக்கட்டு. பல சீட்டுகளின் பின்பக்கம் வெறுமை.

சரி, தமிழில்? 'அவசரப் பணம்' என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைமாற்று வாங்கியது போலிருக்கிறது. 'நெருக்கடிப் பணம்' தவறில்லை, ஆனால் நமக்கு 1975 நினைவு வந்துவிடும். 'பணமுடை' என்று நாம் தினமும் சொல்கிறோம். அதைத் திருப்பிப் போட்டு 'முடைப்பணம்' என்பதே என் தேர்வு. முடைநாற்றம் நினைவுக்கு வருகிறது என்பார்கள், வரட்டும். 1942இல் இலங்கையில் வந்த 5 சத நோட்டுக்கும் இது பொருந்தும்: நடுவே துளைவரிசை, கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். ஹாமெல்னின் எலிகளுக்கு மட்டும் பொருந்தாது. ஸேரி என்றால் தொடர், ஷைன் என்றால் சீட்டு. அவற்றைத் தொடர்ச்சீட்டு என்றே சொல்லலாம்.