1700000000 என்பது எந்தத் தேதி?

ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு 1700000000 என்ற எண்ணை அனுப்பி, பணம் செலுத்தப்பட்ட நேரம் இதுதான் என்கிறது. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, அதாவது உலகப் பொது நேரமான யூடிசி-யின்படி நள்ளிரவிலிருந்து, ஓடிய வினாடிகள் என்று அதை எடுத்துக்கொண்டால் 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 வினாடி. அதே எண்ணை மில்லிவினாடி என்று படித்தால் 1970 ஜனவரி 20. தொடக்கப் புள்ளி மாறினாலும் கதை மாறிவிடும். கணினிகளின் கடிகாரங்களை இணையம் வழியே ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறை 1900-இலிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் இது 1953. ஆப்பிளின் கோக்கோ என்ற நிரல் நூலகங்கள் 2001-இலிருந்து எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 2054.

இந்த எண்ணில் ஒரு விசேஷம் உண்டு. 1900, 1970, 2001 ஆகிய மூன்று தொடக்கங்களில் எதைக் கொண்டு வினாடிகளை எண்ணினாலும் நாள் நவம்பர் 14-ஆகத்தான் வரும். மூன்றிலிருந்தும் 53 ஆண்டுகள் தள்ளிப் போனால் நடுவே சரியாக 13 லீப் நாட்கள் வருவதே காரணம். மாதமும் நாளும் பொருந்துகின்றன என்று திருப்திப்பட்டவர், ஆண்டு தவறியதைக் கவனிக்காமலே போய்விடலாம்.

விடை அந்த எண்ணுக்குள் இல்லை. அது மென்பொருளின் ஆவணத்தில், ஏதோ ஒரு பக்கத்தில், ஒரு வாக்கியமாக இருக்கிறது. வாக்கியம் இல்லாவிட்டால் படிப்பவர் ஊகிக்கிறார். ஒரு பக்கத்தில் ‘வினாடி’, இன்னொரு பக்கத்தில் ‘மில்லிவினாடி’, மூன்றாவதில் வெறும் ‘நேரம்’ என்று இருந்தாலும் ஊகிக்கத்தான் செய்கிறார். நிரலில் பிழை இருந்தால் அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோ சோதனையோ கத்தும். வாக்கியத்தில் பிழை இருந்தால் எதுவும் கத்தாது. ஆகவே நேரத்தைப் பற்றிய வரையறையை நிரலின் ஓர் உறுப்பாகவே நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இலக்கங்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடுமே, பத்து இலக்கம் என்றால் வினாடி, பதின்மூன்று என்றால் மில்லிவினாடி என்று பலர் சொல்வார்கள். இன்றைய தேதிகளுக்கு அது சரிப்படும். ஆனால் மில்லிவினாடி எண்ணிக்கை பதின்மூன்று இலக்கத்தைத் தொட்டதே 2001 செப்டம்பர் 9 அன்றுதான். அதற்கு முன் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியை மில்லிவினாடியில் எழுதினால் பன்னிரண்டு இலக்கமோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். 1970-க்கு முன் பிறந்தவருக்கு எண்ணே எதிர்மறையாகிவிடும்.

அலகும் தொடக்கமும் தெளிவானாலும் அதற்கும் அடியில் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் ‘நேரம்’ என்று சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, கணம்: உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு புள்ளி, சர்வர் ஒரு கோரிக்கையைப் பெற்ற கணம் போல. இரண்டாவது, ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம்: ‘திங்கள் காலை 9 மணிக்குக் கூட்டம்’. மூன்றாவது, கால அளவு: ‘30 நிமிடம்’. இவற்றை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள முடியாது. கணத்தை ஊர் நேரமாக்க நேர மண்டலமும், அந்த நாளில் அங்கே அமலில் இருந்த விதியும் தெரிய வேண்டும்.

‘எல்லா நேரத்தையும் யூடிசி-யில் சேமியுங்கள்’ என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. வரப்போகும் ஒரு சந்திப்பை இன்றைய விதிப்படி யூடிசி-க்கு மாற்றிவைத்து, இடையில் அரசு விதியை மாற்றிவிட்டால், சேமித்த கணம் தப்பாகிவிடும். சமோவா 2011-இல் சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. டிசம்பர் 29-க்கு அடுத்த நாள் டிசம்பர் 31. அங்கே 2011 டிசம்பர் 30 என்ற நாள் நடக்கவே இல்லை. அந்த அறிவிப்புக்கு முன்பே யூடிசி-க்கு மாற்றிவைத்த சந்திப்புகள், நாட்காட்டியில் ஒரு நாள் தள்ளிக் காட்டியிருக்கும். ஆகவே ஆவணத்தில் ஒரு புலத்தை, அதாவது தரவில் ஒரு மதிப்பு வரும் இடத்தை, விவரிக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது, அது இந்த மூன்றில் எது என்பதுதான். வடிவம், அலகு எல்லாம் அதற்குப் பிறகு.

வரையறையில் ஒரு பிழை நுழைந்தால் அது எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் 61. சி என்ற நிரல் மொழியில் தேதியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைக்கும் ஒரு கட்டமைப்பு உண்டு. அதன் வினாடிப் புலம் 0 முதல் 61 வரை இருக்கலாம் என்று முதல் சி தரநிலை சொன்னது. பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போக அவ்வப்போது சேர்க்கும் லீப் வினாடியால் ஒரு நிமிடத்தின் கடைசி வினாடி 60 ஆகலாம், அது உண்மை. 61 எப்படி வந்தது? ஒரே நிமிடத்தில் இரண்டு லீப் வினாடிகள் சேரக்கூடும் என்ற தவறான புரிதலால் வந்தது. 1972-இலிருந்து இதுவரை சேர்த்த 27 லீப் வினாடிகளில் அப்படி ஒரு ஜோடி வந்ததில்லை. யூடிசி-யின் விதியிலும் அதற்கு இடமில்லை. 1999-இல் வந்த சி தரநிலை அதை 60 என்று திருத்தியது.

ஆனால் அதற்குள் அந்த எண் ஊர் சுற்றிவிட்டது. ஜாவா என்ற நிரல் மொழியின் பழைய தேதி வகுப்பின் ஆவணம் இன்றும் 0 முதல் 61 வரை என்றே சொல்கிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு லீப் வினாடி வர வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் சி-யின் மரபைப் பின்பற்றுகிறோம் என்று காரணமும் தருகிறது. பைத்தான் மொழியின் ஆவணமும், எல்லை உண்மையிலேயே 61 வரைதான், வரலாற்றுக் காரணங்களுக்காக அதை ஏற்கிறோம் என்று குறிப்பிடுகிறது. மூலத்தில் திருத்தியாயிற்று, நகல்களில் நிற்கிறது. பிரதி எடுத்து ஒட்டிய வரையறைக்கு எப்போதும் இந்தக் கதிதான். பைத்தான் ஆவணத்தை நான் குறை சொல்லவில்லை. ஏன் அப்படி இருக்கிறது என்று அது வெளிப்படையாக எழுதியிருப்பதே பெரிய உதவி.

அதே சி கட்டமைப்பில் நாள் 1-இல் தொடங்குகிறது, மாதம் 0-இல் தொடங்குகிறது, ஆண்டு 1900-இலிருந்து கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை. 1990-களில் அந்த ஆண்டு எண்ணைப் பலரும் ‘கடைசி இரண்டு இலக்கம்’ என்று வாசித்தார்கள். 99 வரை இரண்டு வாசிப்பும் ஒரே விடையைத் தந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. 2000 ஜனவரி 1 அன்று அந்த எண் 100 ஆனது. முன்னால் ‘19’ ஒட்டிக்கொண்டிருந்த இணையப் பக்கங்கள் 19100 என்று காட்டின. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் தளமே, அந்த நாட்டின் அதிகாரபூர்வக் கடிகாரத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தின் தளமே, அன்று 19100 என்று காட்டியது.

கிழமை எண்களும் இதே ரகம். பைத்தானில் ஞாயிற்றுக்கிழமையை ஒரு முறை 6 என்கிறது, இன்னொரு முறை 7 என்கிறது, தேதியை எழுத்தாக வடிவமைக்கும் குறியீடு 0 என்கிறது. மூன்றும் ஆவணத்தில் தெளிவாக வரையறுக்கப்பட்டவை. நீங்கள் எழுதும் ஆவணத்தில் ‘கிழமை: 6’ என்று மட்டும் இருந்தால் அது சனியா ஞாயிறா என்பது படிப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

பெயர்களையும் நம்பிவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘நேர மண்டலத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப்’ என்ற வகை, நேர மண்டலத்தைச் சேமிப்பதே இல்லை; உள்ளே வரும் நேரத்தை யூடிசி-க்கு மாற்றிவிட்டு மண்டலத்தை விட்டுவிடுகிறது. ஆரக்கிளின் ‘தேதி’ வகைக்குள் மணி, நிமிடம், வினாடி எல்லாம் உண்டு. உலகின் நேர மண்டல விதிகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தில் ‘ஜிஎம்டி+5’ என்ற பெயர், கிரீனிச்சுக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தைக் குறிக்கும். கூட்டல் குறி அங்கே மேற்குத் திசை.

நன்றாகச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். இணையச் சேவைகள் பயனரை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஜேடபிள்யூடி டோக்கனுக்கு 2015-இல் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தரநிலை ஆவணம் வெளியானது. அதன் சொற்பட்டியலில் ‘நியூமெரிக்டேட்’ என்று ஒரு சொல்லை ஒரே ஒரு முறை வரையறுக்கிறார்கள்: 1970 தொடக்கம், யூடிசி, அலகு வினாடி, லீப் வினாடிகள் கணக்கில் இல்லை. டோக்கன் வழங்கிய நேரம், செல்லத் தொடங்கும் நேரம், காலாவதி நேரம் ஆகிய மூன்று புலங்களும் அந்த ஒரு சொல்லைச் சுட்டிவிட்டு நகர்கின்றன. எந்தப் புலத்திலும் அந்த வரையறை திரும்ப எழுதப்படவில்லை. எல்லைகளும் ஐயமில்லாமல் உள்ளன: தொடக்க நேரத்துக்கு முன் ஏற்கக் கூடாது, காலாவதி நேரத்திலோ அதற்குப் பிறகோ ஏற்கக் கூடாது. அதாவது தொடக்கம் சேர்த்தி, முடிவு சேர்த்தி இல்லை.

இந்த ‘முடிவு சேர்த்தி இல்லை’ என்ற ஏற்பாடு முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இரண்டு காலப்பகுதிகளை அடுத்தடுத்து வைக்கும்போது இடைவெளியும் விழாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் ஏறாது. 23:59:59-இல் ஒரு நாளை முடித்துவைத்தால், அதற்கும் நள்ளிரவுக்கும் நடுவே வந்த பதிவுகள் இரண்டு நாளிலும் சேராமல் தொலைந்துபோகும். நாட்காட்டிச் செயலிகள் பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவமும் இப்படித்தான்: நவம்பர் 14 முழுநாள் நிகழ்வுக்கு முடிவுத் தேதி நவம்பர் 15 என்று எழுதப்படும். பயனர் திரையில் 14, கோப்பில் 15. ஆவணத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த நிரலாளர் அதைப் பிழை என்று நினைத்து ‘திருத்தி’விடுவார்.

‘டோக்கன் 30 நாட்களுக்குச் செல்லும்’ என்ற வாக்கியத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். எங்கிருந்து 30 நாட்கள்? நாள் என்றால் 24 மணி நேரமா, நாட்காட்டி நாளா? கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஒரு நாள் 23 மணி நேரமாகவும் 25 மணி நேரமாகவும் இருக்கும். முப்பதாவது நாள் சேருமா? ‘டோக்கன் வழங்கப்பட்ட கணத்திலிருந்து 25,92,000 வினாடிகளுக்குச் செல்லும், அந்த எண்ணிக்கையை எட்டிய கணத்திலிருந்து சர்வர் அதை மறுக்கும்’ என்று எழுதினால் எல்லாக் கேள்வியும் அடங்கிவிடும். படிக்கச் சற்று வறண்டிருக்கும். பரவாயில்லை, ‘சுமார் 30 நாட்கள்’ என்று பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் முரண்பாடு அதிகம் புகும் வாசல், விளக்கத்தைவிட எடுத்துக்காட்டுகள்தான். நிரலாளர்கள் விளக்கத்தைத் தாண்டிவிட்டு எடுத்துக்காட்டை நகலெடுக்கிறார்கள், அது இயல்பு. ஆகவே மாதிரித் தேதியில் நாள் 12-ஐத் தாண்டியதாக இருக்கட்டும். 03-04 என்று எழுதினால் எது மாதம் என்று தெரியாது, 03-25 என்றால் தெரியும். யூடிசி-யிலிருந்து உள்ள நேர வித்தியாசத்தைக் காட்டும் மாதிரியில் சுழியத்தைப் போடாதீர்கள். அதைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒரே விடை வருவதால் பிழை மறைந்துகொள்ளும். ஒரே மாதிரியில் ஒரு கணம் எண்ணாகவும் எழுத்தாகவும் வந்தால் இரண்டும் உண்மையிலேயே ஒன்றா என்று கணக்கிட்டுப் பாருங்கள். இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை: பைத்தானின் ‘டாக்டெஸ்ட்’ ஆவணத்திலுள்ள மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, எழுதிய விடையும் வந்த விடையும் ஒத்துப்போகின்றனவா என்று சொல்லிவிடும். ஜாவாவில் ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’ போட வேண்டிய இடத்தில் பெரிய ‘ஒய்’ போட்ட மாதிரிகளை இப்படித்தான் பிடிக்க முடியும். பெரிய எழுத்து, அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் வருகிறதோ அந்த ஆண்டைத் தருவது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ வாரக் கணக்கின்படி 2024 டிசம்பர் 30-க்கு அது 2025 என்று காட்டும், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சரியாகவே நடந்துகொள்ளும். சோதனைத் தேதியை வருடக் கடைசியில் வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

வரையறைகளை ஒரே பக்கத்தில் வைக்க இன்னொரு காரணம், அவை தாமே மாறுகின்றன. 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3339, நேரத்தின் இறுதியில் வரும் ‘இசட்’ என்ற எழுத்துக்கும் +00:00-க்கும் ஒரே பொருள் என்றது. 2024-இல் ஆர்எஃப்சி 9557 அதைத் திருத்தியது: ‘இசட்’ என்றால் யூடிசி நேரம் தெரியும், உள்ளூர் வித்தியாசம் தெரியாது என்று பொருள். லீப் வினாடியின் விதியும் அசையப்போகிறது. யூடிசி-க்கும் பூமியின் சுழற்சிக்கும் அனுமதித்த வித்தியாசத்தை 2035-க்குள் பெரிதாக்க 2022-இல் எடை அளவுகளின் பொது மாநாடு தீர்மானித்திருக்கிறது.

உங்கள் சொந்த வரையறையை மாற்ற நேர்ந்தால், இருக்கும் புலத்தின் பொருளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வினாடி தந்த புலம் ஒரு நாள் மில்லிவினாடி தரத் தொடங்கினால் வகைச் சோதனை எதிலும் அது சிக்காது. எண் எண்ணாகத்தான் இருக்கும். அலகைப் பெயரிலேயே தாங்கிய புதிய புலத்தைச் சேர்த்து, பழையதை ஓய்வுபெறும் பட்டியலில் வையுங்கள். இதை அறிவிக்க, இணையச் சேவைகள் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில், சர்வரின் பதிலோடு சேர்ந்து வரும் இரண்டு தலைப்பு வரிகள் இருக்கின்றன. சேவை நிற்கும் நாளைச் சொல்லும் ‘சன்செட்’ 2019-இல் வந்தது. அது கிழமை, மாதப் பெயரோடு கூடிய ஜிஎம்டி தேதியாக எழுதப்படும். பயன்பாட்டைக் கைவிடச் சொல்லும் ‘டெப்ரிகேஷன்’ 2025-இல் வந்தது. அது 1970-இலிருந்து எண்ணிய வினாடிகளாக, முன்னால் ஒரு @ குறியோடு எழுதப்படும். சர்வரின் ஒரே பதிலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரக்கூடும், ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மாதிரி எழுதிக் காட்டியாக வேண்டும்.