வம்சத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள், சோதனைக்கு வாருங்கள்

"எங்க வம்சத்துல யாருக்கும் இந்தக் குறை கிடையாது டாக்டர். அண்ணன் தம்பி எல்லாருக்கும் புள்ளைங்க இருக்கு." தண்டையார்பேட்டையில் குழந்தையில்லை என்று என்னிடம் வரும் கணவன்மார் பலர் இதைச் சொல்லிக்கொண்டேதான் உட்காருகிறார்கள். போன வாரம் வந்தவரும் அப்படித்தான். மனைவியின் மடியில் தடித்த ஃபைல்: ஸ்கேன்கள், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்ப்பது). கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. விந்துப் பரிசோதனை செய்தோம். ஒரு விந்தணுகூட இல்லை.

இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது. இயற்கையாகப் பிள்ளையே பெற முடியாத குறை, அப்பா வழியில் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்கி வரும்? யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் என்ற பகுதியில் விந்தணு உற்பத்திக்கான ஜீன்கள் இருக்கின்றன. அதில் ஒரு துண்டு விடுபடுவது பெரும்பாலும் அந்த ஒருவரிடம் புதிதாக நேர்வது. அப்பாவுக்கு இருக்காது, அண்ணனுக்கும் இருக்காது. அப்பா ஐந்து பிள்ளை பெற்றது உங்கள் விந்தணுவைப் பற்றி எதையும் சொல்லாது.

ஜீன் முழுசாக இருந்தாலும் போதாது. விரைக்குள் உரிய கட்டத்தில் அது வேலை செய்தாக வேண்டும். முதிரும் விந்தணுவின் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டுவது புரோட்டமின். அந்த ஜீன் சரியாக வெளிப்படாவிட்டால் டிஎன்ஏ எளிதில் உடையும். எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு தங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

விரைப்பை, உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடு கூடினால் விந்தணு உற்பத்தி குறையும். மணலி, எண்ணூர் பக்கம் டிரெய்லர் ஓட்டும் தம்பிகள், வெல்டிங், பேக்கரி அடுப்பு வேலைக்காரர்கள் தங்கள் வேலையை டாக்டரிடம் சொல்லுங்கள். சிகரெட்டை விடுங்கள். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டாது. விந்தணு உற்பத்திக்கு மூளை அனுப்பும் ஹார்மோன்களையே நிறுத்திவிடும். தயவுசெய்து போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காதீர்கள். நிறுத்திய சில மாதங்களில் பலருக்கு உற்பத்தி திரும்புகிறது. விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும், பதினைந்து நாளில் பலன் கேட்காதீர்கள்.

விந்தணு இல்லையென்றாலோ மிகக் குறைவென்றாலோ குரோமோசோம் சோதனையும், ஒய்யில் துண்டு விடுபட்டதா என்று பார்க்கும் சோதனையும் அவசியம். ஏஇசட்எஃபில் ஏ, பி, சி என்று பகுதிகள் உண்டு. ஏ அல்லது பி முழுதாகப் போயிருந்தால் விரையில் ஊசி குத்தி விந்தணு தேடுவது வீண் வலி, வீண் செலவு. சி பகுதி மட்டும் போயிருந்தால் நுண் அறுவையில் விந்தணு கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அம்மாமார்களே, மருமகளுக்கு லேப்ராஸ்கோப்பி தேதி வாங்கும் முன் மகனை லேபுக்கு அனுப்புங்கள். 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, பிறகு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு தடவை குறைவென்றால் மறுபடி கொடுக்க வேண்டும். அங்கே கொடுக்கக் கூச்சமா? லேபில் கேட்டு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்து, சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.