அலர்ஜி மாத்திரை என்றால் எந்த மாத்திரை?

தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, உடம்பில் தடிப்பு, இதற்கெல்லாம் அலர்ஜி மாத்திரை நன்றாகவே கேட்கும். ஆனால் மெடிக்கலில் கொடுத்தது எந்த மாத்திரை என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேதான் சிக்கல்.

அவில், குளோர்பெனிரமைன் எல்லாம் பழைய வகை, மூளைக்குள்ளும் எளிதாகப் போய்விடுவதால் தூக்கம் தள்ளும். ராத்திரி போட்டதன் மந்தம் காலையில் பைக் எடுக்கும்போதும் இருக்கலாம், நமக்கே அது தெரியாது. செட்டிரிசினில் தூக்கம் குறைவு, ஆனாலும் சிலரை நன்றாகவே அசத்திவிடும், அதனால் முதல் தடவை போடுவதை ராத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். பெக்ஸோபெனடினில் தூக்கம் மிகக் குறைவு, ஆனால் ஜூஸோடு விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது, தண்ணீரே போதும். எதைப் போட்டாலும் அன்றைக்கு மது வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை வயதானவர்களைப் பற்றித்தான். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஒரு பெரியவர், ராத்திரி முழுக்கச் சிறுநீர் போகாமல் அடிவயிறு கல்லாட்டம் உப்பிப்போய் வந்தார். டியூப் போட்ட பிறகுதான் அவரால் பேசவே முடிந்தது. சட்டைப்பையில் இரண்டு அட்டைகள், ஒன்று அவில், இன்னொன்று சளி மாத்திரை. சளி மாத்திரைக்குள்ளும் குளோர்பெனிரமைன் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, மூக்கடைப்புக்காக அதிலேயே சேர்த்திருக்கும் பினைலெப்ரினும் சிறுநீரை அடைக்கக்கூடியதுதான். கண் அழுத்தம் உள்ளவர்களும் பழைய வகையைக் கேட்காமல் தொடக் கூடாது.

குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை போடச் சொல்லி 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. போன தடவை மிச்சமான சிரப்பை எடுத்து ஊற்றுகிற அம்மாக்கள் தயவுசெய்து பாட்டிலைப் படியுங்கள்.

அப்புறம், அட்டையிலிருந்து பிரித்து, பல மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலமாகத் தருகிற அந்த 'செட்' மாத்திரை. ஒரே வேளையில் அரிப்பு மாயமாய் மறைந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது பெரிய வம்பு. அட்டையில்லாமல் தந்தால் வாங்காதீர்கள்.

உதடு, நாக்கு வீங்கி, மூச்சு இழுத்து, தலைசுற்றி விழுகிற மாதிரி இருந்தால் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.