பிரபலங்களைக் கூப்பிடும் முன்

சொந்த ஆல்பம் போட வரும் டிரம்மர்கள் பலர், பாட்டைக் காட்டும் முன் பெயர்ப் பட்டியலைக் காட்டுகிறார்கள். கிட்டாருக்கு இவர், பாடுவதற்கு அவர் என்று. சவுண்ட் இன்ஜினியரான எனக்கு அப்போதே கவலை வந்துவிடும். இரண்டு பழைய ஆல்பங்களைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.

ஒன்று, பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் ‘ரிங்கோ’, 1973. குழு பிரிந்து, சண்டை கோர்ட் வரை போயிருந்த நேரம். ஆனாலும் குழுவின் மற்ற மூவரான லெனன், ஹாரிசன், மெக்கார்ட்னியும் இதில் இருக்கிறார்கள். ஒரே அறையில் அல்ல. லெனன் எழுதிய பாட்டை லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சவுண்டில் எடுத்தார்கள். லெனன் பியானோ, ஹாரிசன் கிட்டார். கஞ்சா வழக்கால் மெக்கார்ட்னி அமெரிக்காவுக்குள் வர முடியவில்லை. அதனால் அவருடைய பாட்டுக்காக ரிங்கோவும் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெரியும் லண்டனுக்குப் போனார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. ரிங்கோவின் குரலுக்கு எல்லை குறைவு. அதைத் தாண்டி இழுக்கும் பாட்டு எதையும் அவர் தலையில் கட்டவில்லை. ஹாரிசனோடு சேர்ந்து எழுதிய ‘ஃபோட்டோகிராஃப்’ அந்த எல்லைக்குள் நின்றே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நாட்டுப்புறச் சாயலுள்ள ஒரு பாட்டுக்கு ‘த பேண்ட்’ குழுவினரை அழைத்தார்கள். அவர்களுடைய டிரம்மர் லெவன் ஹெல்ம் அதில் மாண்டலின் வாசித்தார்! பல பாட்டுகளில் ரிங்கோவோடு ஜிம் கெல்ட்னர் என்ற இன்னொரு டிரம்மரும் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். ஈகோ பார்க்கிற டிரம்மர் இதற்குச் சம்மதிப்பாரா, சொல்லுங்கள்.

இன்னொன்று, ‘த ஹூ’ குழுவின் டிரம்மர் கீத் மூன் 1975இல் போட்டது. கிட்டாரிஸ்ட் ஜோ வால்ஷ், பாடகர் ஹாரி நில்சன், ஏன் ரிங்கோவே கூட அதில் உண்டு. ஆனால் மூன் டிரம்ஸை பெரும்பாலும் மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் பாடப் போய்விட்டார். அதுவும் பீச் பாய்ஸ் குழுவின் உச்சஸ்தாயிப் பாட்டை! நடுவில் தயாரிப்பாளரும் மாறினார். ஆல்பம் விற்கவில்லை.

இப்போது கெஸ்ட்டாக வாசிப்பவர் நேரில் வரவே வேண்டாம், அவர் பதிவு செய்த ஃபைல் வந்தால் போதும். அதனால் அழைப்பது சுலபமாகிவிட்டது, குழப்பமும் கூடிவிட்டது. கெஸ்ட்டுக்கு அனுப்பும் முன் சுருதியையும் டெம்போவையும் முடிவு செய்யுங்கள். கிளிக்கோடு, அதாவது தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலியோடு, உங்கள் குரலில் ஒரு டிராக் சேர்த்து அனுப்புங்கள். எந்த டேக்கில், அதாவது எத்தனையாவது முறை எடுத்த பதிவில், யார் வாசித்தார் என்று அன்றே எழுதி வையுங்கள்.

அப்புறம், அந்த கெஸ்ட் ஏதாவது இசை கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். மிக்ஸ் முடிந்த பிறகு “அந்தக் குரலை எடுத்துவிடுங்கள்” என்று மெயில் வந்தால், நான் செய்யக்கூடியது மியூட் பட்டனை அழுத்துவது மட்டும்தான்.